கணினிக் கேள்வி பதில்: சந்தா கட்டியவருக்கும் கருப்புத் திரை

இந்த இதழுக்கு வந்த கடிதங்கள் வெவ்வேறு கருவிகளைப் பற்றியவைபோலத் தோன்றினாலும், படித்துப் பார்த்தால் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. படத்துக்கு உரிமை உடையவர்கள் கேட்கும் நகல் தடுப்பு நிபந்தனைகளைக் கணினியின் கிராபிக்ஸ் பகுதி நிறைவேற்றுகிறதா, இல்லையா என்பதுதான் அந்த இடம். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றை மட்டும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் கணினியில் விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. அண்மையில் 4கே மானிட்டரும் வாங்கினேன். போனில் நானே எடுத்த 4கே வீடியோ துல்லியமாக ஓடுகிறது, கேம்களும் ஓடுகின்றன. 4கே சந்தா கட்டிய ஓடிடி தளத்தில் மட்டும் படம் மங்கலாகவே வருகிறது. பழைய மானிட்டர் ஒன்றையும் கூடவே இணைத்திருக்கிறேன். கோளாறு எதில்? (வாசகர், ஈரோடு)

பதில்: எதிலும் கோளாறு இல்லாமலேயே இப்படி நடக்கலாம். நீங்கள் எடுத்த வீடியோவுக்கு நிபந்தனை விதிப்பவர் எவரும் இல்லை. ஆகையால் அது கார்டிலிருந்து மானிட்டருக்குத் தடையின்றிப் போகிறது. சந்தா கட்டிப் பார்க்கும் 4கே படம் அப்படிப் போவதில்லை. கார்டை விட்டு அது வெளியேறும் முன்பே, மறுமுனையில் இருக்கும் கருவிக்கு எச்டிசிபி என்னும் பாதுகாப்பு முறையின் 2.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தெரியுமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. இன்டெல் நிறுவனம் உருவாக்கி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்முறைப்படி, கார்டும் மானிட்டரும் முதலில் ஒன்றையொன்று சோதித்துக்கொண்டு, தமக்குள் மட்டும் ஒரு சாவியை ஏற்படுத்திக்கொண்டு, கேபிளில் போகும் படத்தை அந்தச் சாவியால் மறையாக்கம் செய்கின்றன. பழைய 1.4 பதிப்பு மட்டும் தெரிந்த மானிட்டருக்கு 1080பி படத்தை அனுப்ப அனுமதி உண்டு. உயர் பிரிவில் வைக்கப்பட்ட 4கே படத்தை அனுப்ப அனுமதி இல்லை. அதனால்தான் தளம் உங்களிடம் எதையும் சொல்லாமல் தரத்தைக் குறைத்துவிட்டுப் படத்தை ஓட்டுகிறது. பிழைச்செய்தி ஒன்றாவது காட்டியிருந்தால் நீங்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்திருக்காது.

நான் முதலில் சந்தேகிப்பது உங்கள் இரண்டாவது மானிட்டரைத்தான். இரு திரைகளிலும் ஒரே காட்சி தெரியும்படி அமைத்திருந்தால், பாதுகாக்கப்பட்ட படத்துக்கு இரண்டில் எது பலவீனமோ அதுவே எல்லையாகிவிடும். தனித்தனிக் காட்சியாக அமைத்திருந்தாலும் சில கார்டுகளில் இதே சிக்கல் வருகிறது. அதன் கேபிளைக் கழற்றிவிட்டு, பிரவுசரை மூடித் திறந்து ஒருமுறை பாருங்கள். அடுத்துப் பார்க்க வேண்டியது, புதிய மானிட்டரில் எந்தப் போர்ட்டில் செருகியிருக்கிறீர்கள் என்பது. தொடக்க காலத்து 4கே திரைகள் பலவற்றில் நான்கு எச்டிஎம்ஐ போர்ட்கள் இருந்தாலும் அவற்றில் ஒன்றே ஒன்றுதான் 2.2 பதிப்பை ஏற்றது. விலை உயர்ந்த கார்டு என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். 2014இல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 980, 970 கார்டுகளில் எச்டிஎம்ஐ 2.0 இருந்தது, ஆனால் எச்டிசிபி 2.2 இல்லை, சில மாதங்கள் கழித்து, 2015 ஜனவரியில், அவற்றைவிடக் குறைந்த விலைக்கு வந்த ஜிடிஎக்ஸ் 960இல் இரண்டுமே இருந்தன. கேமில் பின்தங்கும் கார்டு படம் காட்டுவதில் முந்திக்கொள்ளும் விந்தை இத்துறையில் சாதாரணம்.

கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எச்டிஎம்ஐ கேபிளில் படம் போகும் கம்பிகள் வேறு; இந்தச் சாவிப் பேச்சு நடக்கும் கம்பிகள் வேறு. படத்துக்கான கம்பிகள் நன்றாக இருந்து, பேச்சுக்கான மெல்லிய கம்பி சரியாகப் பற்றவில்லை என்றால், டெஸ்க்டாப் பளிச்சென்று தெரியும், படம் மட்டும் வராது. பழைய பதிப்பில் இந்தச் சோதனை ஓடும்போதே 128 பிரேம்களுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப நடக்கும். சில திரைகளில் படம் விட்டுவிட்டு மறைந்து வருவதற்கு இதுவே காரணம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் 4கே வரவில்லை என்றால் பிரவுசரைப் பாருங்கள். நெட்பிளிக்ஸ் 2016 நவம்பரில் விண்டோஸ் கணினிக்கு முதன்முதலாக 4கே கொடுத்தபோது, இன்டெல்லின் 7ஆம் தலைமுறைச் சிப், விண்டோஸ் 10, எட்ஜ் பிரவுசர் ஆகிய மூன்றும் சேர்ந்த கணினிக்குத்தான் கொடுத்தது. அதன் பிறகு மற்றச் சிப்களும் கார்டுகளும் சேர்க்கப்பட்டன. ஆனால் சாவியையும் படத்தையும் பிரவுசர் வெறும் மென்பொருளாக வைத்திருக்காமல், கிராபிக்ஸ் சிப்புக்குள்ளேயே பூட்டி வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை மாறவில்லை. குரோம், பயர்பாக்ஸ் ஆகியவற்றில் அதே தளம் பல ஆண்டுகள் 720பி அளவிலேயே நின்றதும் இதனால்தான்.

கேள்வி: காசு கொடுத்துக் கணினி வாங்கியவள் நான். அதில் இருக்கும் கார்டு சினிமாக் கம்பெனிக்குக் காவல் வேலை பார்ப்பது ஏன்? இந்த வழக்கம் எப்போது தொடங்கியது? (வாசகி, மதுரை)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, அதைக் கடைசியில் பார்ப்போம், முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1990களின் பிற்பகுதியில் கணினியில் டிவிடி ஓடத் தொடங்கியபோதே இது தொடங்கிவிட்டது. அப்போது பல கார்டுகளில் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைப்பதற்கான வெளியீடு இருந்தது. அதன் வழியாக விசிஆரில் படத்தைப் பதிவுசெய்துவிடக் கூடாது என்பதற்காக, மேக்ரோவிஷன் என்னும் குழப்பு சமிக்ஞையைச் சேர்த்து அனுப்பும் திறன் கார்டில் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். டிவிடியில் இருந்த சிஎஸ்எஸ் என்ற பூட்டின் சாவி வெறும் 40 பிட் நீளம் கொண்டது; 1999இல் அதைத் திறக்கும் டிசிஎஸ்எஸ் என்ற சிறு நிரல் வெளியானது. நார்வே இளைஞர் ஒருவர்மீது அதற்காக வழக்குத் தொடரப்பட்டு, 2003இல் அவர் விடுதலை செய்யப்பட்டார். படத் தயாரிப்பாளர்கள் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் பூட்டே வேண்டாம் என்பதன்று; அடுத்த பூட்டு வட்டிலிருந்து திரை வரைக்கும் வழிநெடுக இருக்க வேண்டும் என்பதே.

அந்த எண்ணத்தில் உருவானவைதான் 2006இல் விற்பனைக்கு வந்த ப்ளூரே, எச்டி டிவிடி ஆகிய இரண்டும் பயன்படுத்திய ஏஏசிஎஸ் என்ற பூட்டு முறையும், அதன் நிபந்தனைகளும். கணினியிலிருந்து டிஜிட்டலாக வெளியேறும் படம் எச்டிசிபி பாதுகாப்புடன்தான் போக வேண்டும். பாதுகாப்பில்லாத அனலாக் வழியில் போனால், தயாரிப்பாளர் விரும்பினால் படத்தை 960 × 540 அளவுக்குக் குறைக்கும்படி வட்டிலேயே குறித்துவைக்கலாம். இந்தக் குறியைத் தயாரிப்பாளர்கள் அக்காலத்தில் பெரும்பாலும் பயன்படுத்தாமலே விட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இங்கேதான் கார்டு தயாரிப்பாளர்களின் கூத்து தொடங்கியது. ஏடிஐ, என்விடியா நிறுவனங்களின் கிராபிக்ஸ் சிப்புகளைக் கொண்ட கார்டுகள் 'எச்டிசிபிக்குத் தயார்' என்ற விளம்பரத்துடன் கடைகளில் விற்கப்பட்டுவந்தன. 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வன்பொருள் விமர்சகர்கள் துருவிப் பார்த்தபோது, கடையில் தனியாக விற்கப்பட்ட கார்டுகளில் அந்த வசதி உண்மையில் இயங்கும் நிலையில் இல்லை என்பது வெளிவந்தது. எச்டிசிபி இயங்க வேண்டுமானால், உரிமம் பெற்றுக் காசு கொடுத்து வாங்கிய சாவிகளைத் தாங்கிய ஒரு சிறு நினைவகச் சிப், கார்டு தயாரிக்கும்போதே அதில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். சிப்பைச் செய்தவர் ஒருவர், கார்டைச் செய்தவர் வேறொருவர். சில்லறைச் செலவை மிச்சப்படுத்த அந்தச் சாவிச் சிப்பை யாருமே பொருத்தவில்லை. வயரிங் எல்லாம் முடித்து, மின்வாரியத்தில் இணைப்பு மட்டும் வாங்காமல் விட்ட வீட்டை 'மின்வசதி தயார்' என்று விற்றதற்கு ஒப்பான காரியம் இது. வீட்டுக்காவது பின்னால் இணைப்பு வாங்கலாம், அந்தக் கார்டுகளுக்குப் பின்னால் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை மாற்றியோ வேறு மென்பொருள் போட்டோ சாவியைக் கொடுக்க வழியே இல்லை. பெருந்தொகை கொடுத்து வாங்கியவர்கள் ஏமாந்தார்கள், வழக்குகள் எழுந்தன, 'தயார்' என்ற சொல் இணையதளங்களிலிருந்து மெல்ல மறைந்தது. 2560 × 1600 அளவுள்ள 30 அங்குல மானிட்டர் வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. அவ்வளவு பெரிய படத்தை அனுப்ப டிவிஐ கேபிளில் இரட்டை இணைப்பு தேவை. முதலில் வந்த கார்டுகள் பலவற்றில் எச்டிசிபி ஒற்றை இணைப்பில்தான் வேலை செய்தது. ஆகவே அந்நாளின் மிக விலை உயர்ந்த திரையில் பாதுகாக்கப்பட்ட படத்தை அதன் முழு அளவில் பார்க்க முடியவில்லை.

2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இதை இயங்குதளத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. படம் ஓடும்போது எந்தப் போர்ட் வழியாகப் போகிறது, அங்கே எச்டிசிபி இயங்குகிறதா என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு பகுதி அதில் இருந்தது. கார்டு உண்மையான கார்டுதானா, கார்டுபோல் நடிக்கும் மென்பொருளா என்று சோதிக்க ஒரு பகுதி. கணினியின் நினைவகத்திலிருந்து கார்டுக்குப் போகும் வழியில்கூடப் படத்தை மறையாக்கம் செய்ய ஒரு பகுதி. கையொப்பமில்லாத டிரைவர் ஏதேனும் இயங்குதளத்தின் உள்ளே ஏறியிருந்தால் உயர்தரப் படத்தை ஓட்ட மறுக்க ஒரு விதி. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் 2006 டிசம்பரிலேயே, இதற்கான செலவைக் கார்டு தயாரிப்பாளர், டிரைவர் எழுதுபவர் தொடங்கி, இத்தகைய படத்தை ஒருபோதும் பார்க்காதவர் உட்பட எல்லோரும் சுமக்க நேரும் என்று விரிவாக எழுதினார். நிபந்தனை கேட்கும் படம் ஓடும்போது மட்டுமே இவை இயங்கும் என்று மைக்ரோசாப்ட் மறுத்தது. நடைமுறையில் மைக்ரோசாப்ட் சொன்னது பெருமளவு சரியாகவே இருந்தது. ஆனால் கார்டின் வடிவமைப்பிலேயே இதற்கு இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது என்ற குட்மனின் அடிப்படைக் கருத்தும் பொய்க்கவில்லை. அந்த வழிமுறையின் வாரிசுகள் இன்றைய விண்டோஸ் 11 வரை இருக்கின்றன.

இனி உங்கள் 'ஏன்' என்ற கேள்விக்கு வருகிறேன். கார்டு செய்பவருக்கு நீங்கள் வாடிக்கையாளர்தான். ஆனால் படம் தரும் நிறுவனத்தின் உரிமத்தில் கையெழுத்திடாவிட்டால் அவர் கார்டில் அந்தப் படமே ஓடாது, படம் ஓடாத கார்டை நீங்கள் வாங்க மாட்டீர்கள். ஆகவே அவர் உங்களுக்கு விற்பதற்காகவே உங்களுக்கு எதிரான நிபந்தனையை ஏற்கிறார். இதில் எனக்கு உறுத்துவது நிபந்தனை இருப்பதன்று, அதை அட்டைப்பெட்டியின்மேல் தெளிவாக எழுதாமல் விற்பதுதான்.

கேள்வி: எங்கள் ஊர் மன்றத்தில் பழைய புரொஜெக்டர் இருக்கிறது, அதில் விஜிஏ மட்டுமே உண்டு. லேப்டாப்பின் எச்டிஎம்ஐ போர்ட்டில் கன்வெர்ட்டர் மாட்டினால் ஸ்லைடுகள் வருகின்றன, ஓடிடி படம் வருவதில்லை. நல்ல கன்வெர்ட்டர் வாங்கினால் சரியாகுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: சரியாகாது. விஜிஏ அனலாக் வழி. அதில் எச்டிசிபிக்கு இடமே கிடையாது. விதிகளுக்கு உட்பட்டுச் செய்யப்பட்ட கன்வெர்ட்டர் பாதுகாக்கப்பட்ட படத்தை அந்த வழியில் வெளியிடக் கூடாது. ப்ளூரே கருவிகளுக்கு இதே காரணத்தால் கெடுவே வைத்தார்கள்: 2010 இறுதிக்குப் பின் தயாராகும் கருவிகள் அனலாக் வழியில் உயர்தரப் படம் தரக் கூடாது, 2013 இறுதிக்குப் பின் தயாராகுபவற்றில் அனலாக் படவெளியீடே இருக்கக் கூடாது. எச்டிஎம்ஐ உள்ள புரொஜெக்டர் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், வீட்டுச் சந்தா வீட்டில் பார்ப்பதற்குத்தான், ஊர் மன்றத்தில் திரையிட அந்த உரிமம் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: இணைய வகுப்பில் ஒரு படத்தின் இரண்டு நிமிடக் காட்சியை மாணவர்களுக்குக் காட்ட முயன்றேன். எனக்குத் திரையில் தெரிகிறது. மாணவர்களுக்குக் கருப்பாகத் தெரிகிறது, ஒலி மட்டும் கேட்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் கருப்பு. (ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: திரையில் நீங்கள் காண்பதெல்லாம் கணினியின் பொது நினைவகத்தில் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். பாதுகாக்கப்பட்ட படம் அங்கே வருவதே இல்லை. மறையாக்கம் செய்யப்பட்ட நிலையிலேயே கிராபிக்ஸ் சிப்புக்குள் நுழைந்து, அங்கேயே பிரிக்கப்பட்டு, மற்ற நிரல்கள் படிக்க முடியாத தனி இடத்தில் தங்கி, அங்கிருந்து நேரே மானிட்டருக்குப் போகிறது. டெஸ்க்டாப்பில் அந்தப் படத்துக்கு உரிய சதுரம் வெறுமையாகவே இருக்கும். வகுப்பு மென்பொருளும் ஸ்கிரீன்ஷாட்டும் பிடிப்பது அந்த வெறுமையைத்தான். பிரவுசரில் ஹார்டுவேர் ஆக்சலரேஷன் என்ற அமைப்பை நிறுத்தினால் படம் மென்பொருள் வழிக்கு மாறும். அப்போது தரம் குறையும், சில தளங்களில் பகிரும்போது தெரியவும் கூடும், சிலவற்றில் படமே ஓடாது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை மறுபதிப்புச் செய்வதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. உங்கள் இரண்டு நிமிடக் காட்சிக்குச் சட்டத்தில் வாதிட இடம் உண்டு. கிராபிக்ஸ் சிப்புக்கு 52ஆம் பிரிவு தெரியாது. யார் கேட்டாலும் அது ஒரே பதிலைத்தான் தரும். கற்பிப்பதற்கென்றே உரிமத்துடன் கிடைக்கும் காட்சிகளைத் தேடிக்கொள்வதுதான் இப்போதைக்கு நடைமுறை வழி.

கேள்வி: 4கே ப்ளூரே வட்டுகள் சில வைத்திருக்கிறேன். பழைய கணினியில் ஓடின. அதைவிடப் பல மடங்கு வேகமான புதிய கணினி வாங்கி, அதே டிரைவை அதில் மாட்டினேன், ஓடவில்லை. புதியதில் ஓடாதது எப்படி? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இவ்விஷயத்தில் இதைவிட வேடிக்கையான கதை இல்லை. 4கே ப்ளூரே வட்டுகள் 2016இல் கடைக்கு வந்தன. அவற்றைக் கணினியில் ஓட்ட அனுமதிப்பதற்கு உரிமம் கேட்ட நிபந்தனைகளில் முக்கியமானது, இயங்குதளமே எட்டிப் பார்க்க முடியாத ஒரு மூடிய அறை சிப்புக்குள் இருக்க வேண்டும் என்பது. அப்போது அதற்குப் பொருந்தியது இன்டெல் சிப்களில் இருந்த எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி ஒன்றே. படம் இன்டெல் சிப்பினுள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி வழியாகத்தான் வெளியேற வேண்டும். மானிட்டர் கேபிளைத் தனிக் கார்டில் செருகக் கூடாது, மதர்போர்டில் உள்ள போர்ட்டில் செருக வேண்டும். அந்தப் போர்ட்டிலும் எச்டிசிபி 2.2 இருக்க வேண்டும். பெருவிலை கொடுத்து வாங்கிய என்விடியா கார்டு இதில் பார்வையாளர்தான். ஏஎம்டி சிப் வைத்திருந்தவர்களுக்கு வழியே இல்லை. 2017இல் பவர் டிவிடி போன்ற மென்பொருள்கள் இந்தத் தடைகளையெல்லாம் தாண்டி அனுமதி பெற்றன.

ஆனால் எஸ்ஜிஎக்ஸ் அறையின் சுவர்களில் ஆய்வாளர்கள் தொடர்ந்து ஓட்டை கண்டுபிடித்தார்கள். 2018இல் வெளியான ஃபோர்ஷேடோ என்னும் தாக்குதல் அவற்றில் பெயர்பெற்றது. வீட்டுக் கணினிகளில் அதைப் பயன்படுத்தியவர்களும் சிலரே. இன்டெல் தன் 11ஆம் தலைமுறைச் சிப்களிலிருந்து அந்த வசதியை வீட்டுக் கணினிகளில் கைவிட்டது. 2022 ஜனவரியில் இது பரவலாகச் செய்தியானது. மென்பொருள் தயாரிப்பாளர், 7ஆம் தலைமுறை முதல் 10ஆம் தலைமுறை வரையிலான இன்டெல் கணினியையும் அதன் பழைய மதர்போர்டையும் அப்படியே வைத்துக்கொள்ளும்படி வாடிக்கையாளர்களுக்கு அறிவுரை கூறும் நிலைக்கு வந்தார்.

உங்கள் புதிய கணினி வேகத்தில் குறைந்ததன்று. நிபந்தனைப் பட்டியலில் இருந்த ஒரு வரியை மட்டும் அது நிறைவேற்றவில்லை. பழைய கணினியை இன்னும் விற்கவில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள். விற்றுவிட்டீர்கள் என்றால், தனி 4கே ப்ளூரே பிளேயரோ, வட்டு டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் போன்ற கேம் கருவியோ உங்கள் வட்டுகளை ஓட்டும். பிளேஸ்டேஷன் 4 புரோ 4கே கேம் காட்டும், 4கே வட்டை ஓட்டாது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கேள்வி: எச்டிசிபியின் மூலச் சாவியே வெளியாகிவிட்டது என்று படித்தேன். திறந்து கிடக்கும் பூட்டை இன்னும் ஏன் மாட்டி வைத்திருக்கிறார்கள்? (கல்லூரி மாணவர், சேலம்)

பதில்: வெளியானது 1.x பதிப்புகளின் சாவி. அது எப்படி வெளியாகக் கூடும் என்பதைக் கணிதம் படிப்பவர் நீங்கள் என்றால் ரசிப்பீர்கள். அந்தப் பதிப்பில் ஒவ்வொரு கருவிக்கும் 56 பிட் நீளமுள்ள 40 இரகசியச் சாவிகளும், 40 பிட் நீளமுள்ள ஒரு பொது எண்ணும் தரப்பட்டன. பொது எண்ணில் இருபது ஒன்றுகளும் இருபது சுழியங்களும் இருக்கும். கார்டும் மானிட்டரும் தம் பொது எண்களை மாற்றிக்கொள்கின்றன. மற்றவர் எண்ணில் எங்கெங்கே ஒன்று இருக்கிறதோ, அந்த இடங்களில் உள்ள தன் இரகசியச் சாவிகளை ஒவ்வொன்றும் கூட்டிப் பார்க்கிறது. இருவருக்கும் ஒரே விடை வரும். எல்லாக் கருவிகளின் சாவிகளும் 40க்கு 40 அளவுள்ள ஒரே சமச்சீர் அணியிலிருந்து பிறந்தவை என்பதால்தான் இப்படி வருகிறது. அழகான ஏற்பாடு, ஆனால் முழுவதும் வெறும் கூட்டல். ஏறக்குறைய 40 கருவிகளின் சாவிகளைத் திரட்டிவிட்டால், நேரியல் சமன்பாடுகளைத் தீர்த்து மூல அணியையே கண்டுபிடித்துவிடலாம் என்று ஆய்வாளர் குழு ஒன்று 2001இலேயே கட்டுரை வெளியிட்டது. அதே ஆண்டில் நீல்ஸ் பெர்குசன் என்ற டச்சு மறையாக்கவியலாளர் தாமும் ஓட்டையைக் கண்டதாகக் கூறி, அமெரிக்கச் சட்டத்துக்கு அஞ்சி விவரத்தை வெளியிடாமலே விட்டார். 2010 செப்டம்பரில் மூல அணி இணையத்தில் வந்தது. அது உண்மையானதுதான் என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் போக்கும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழகத்தார், வேண்டியபடி அமைத்துக்கொள்ளக்கூடிய எப்பிஜிஏ என்ற சிப் உள்ள மலிவான பலகை ஒன்றைக் கேபிளின் நடுவே வைத்து அந்த மறையாக்கத்தை அவிழ்த்துக் காட்டினார்கள்.

2.x வரிசை இதன் திருத்தமன்று, புதிதாக எழுதப்பட்ட முறை. கூட்டலுக்குப் பதிலாக ஆர்எஸ்ஏ, ஏஇஎஸ் ஆகிய நன்கு சோதிக்கப்பட்ட மறையாக்க முறைகள் வந்தன. மறுமுனைக் கருவி சில மில்லி விநாடிகளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. தொலைவில் இருக்கும் கருவி பக்கத்தில் இருப்பதுபோல் நடிப்பதைத் தடுப்பது இதன் நோக்கம். பழைய மானிட்டர்களுக்குப் புதிய முறையை ஏற்ற முடியாமல்போனதும் இதனால்தான். ஈரோட்டு வாசகரின் சிக்கலுக்கு வேர் இங்கே இருக்கிறது.

பழைய பூட்டை இன்னும் ஏன் மாட்டுகிறார்கள் என்றால், அது திருடனைத் தடுப்பதற்காக மட்டும் இருப்பதில்லை. பூட்டு இருக்கும் வரைக்கும் கருவி செய்பவர் உரிமம் வாங்கியாக வேண்டும். உரிமம் வாங்கினால் அதிலுள்ள எல்லா நிபந்தனைகளுக்கும் கட்டுப்பட்டாக வேண்டும். பூட்டு உடைந்தாலும் ஒப்பந்தம் உடைவதில்லை. திருட்டுப் பிரதி எடுப்பவர் கேபிளின் முனையில் காத்திருப்பதும் அரிது; அவர் வேறு வழிகளில் எடுத்துவிடுகிறார். கேபிளின் முனையில் உட்கார்ந்திருப்பவர் சந்தா கட்டியவர்தான்.

கேள்வி: ஒரு எச்டிஎம்ஐ வெளியீட்டைப் பல திரைகளுக்குப் பிரித்துத் தரும் ஸ்பிளிட்டர்களில் கடையில் விற்கும் சில எச்டிசிபியை நீக்கிவிடுகின்றனவாம். வாங்கிப் பயன்படுத்தினால் குற்றமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: 2012 திருத்தத்தின் மூலம் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் பாதுகாப்பு ஏற்பாட்டை முறியடிப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்யாத காரியத்துக்காகச் செய்வதை அது விலக்கியும் வைக்கிறது. அப்படி இன்னொருவருக்கு உதவுபவர், அவருடைய பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே உங்கள் கேள்வியின் விடை ஸ்பிளிட்டரில் இல்லை, அதை எதற்கு வாங்குகிறீர்கள் என்பதில் இருக்கிறது. அதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. கேம் ஆடுவதைப் பதிவுசெய்வதற்கு என்றால் ஸ்பிளிட்டரே வேண்டாம்: பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் எச்டிசிபியை நிறுத்தும் அமைப்பு உள்ளேயே இருக்கிறது. நிறுத்தியிருக்கும்போது ஓடிடி செயலிகள் மட்டும் ஓடாது.

கேள்வி: லினக்ஸில் 4கே கிடைக்குமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: 2018இல் வந்த 4.17 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) எச்டிசிபியை இயக்கும் வசதி லினக்ஸில் இருக்கிறது. கேபிளைப் பூட்டுவது மட்டும் போதாது. படம் கணினிக்குள் வந்ததிலிருந்து வெளியேறும் வரைக்கும் வழி முழுவதையும் சான்றளிக்க ஒருவர் வேண்டும். கூகுள் தன் குரோம்புக்குகளுக்கு அந்தச் சான்றைக் கொடுக்கிறது. நீங்களே நிறுவிக்கொண்ட லினக்ஸுக்கு அப்படிச் சான்று கொடுப்பவர் எவரும் இல்லை. உரிமையாளரே எதையும் மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சிறப்பு, அதுவே இங்கே தடையும்.

கேள்வி: பழைய கிராபிக்ஸ் கார்டும் புதிய மானிட்டரும் வாங்கப் போகிறேன். கடையில் எதைக் கேட்க வேண்டும்? (வாசகி, வேலூர்)

பதில்: '4கே வருமா' என்று கேட்காதீர்கள், வரும் என்றுதான் சொல்வார்கள். மானிட்டரைப் பொறுத்தவரை, எந்தெந்தப் போர்ட்டில் எச்டிசிபி 2.2 அல்லது 2.3 உண்டு என்று தயாரிப்பாளரின் கையேட்டில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டைப்பெட்டியின் மேல் எச்டிஎம்ஐ 2.0 என்று இருப்பது இதற்குச் சான்றாகாது, இரண்டும் வேறு. கார்டைப் பொறுத்தவரை, என்விடியாவில் 10ஆம் வரிசைக்கும், ஏஎம்டியில் 2016இல் வந்த ஆர்எக்ஸ் 400 வரிசைக்கும் முந்தையதைப் படம் பார்ப்பதற்கென்று வாங்க வேண்டாம். என்விடியா கார்டில் 3 ஜிபி நினைவகமாவது இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் கேம் ஓடினாலும் 4கே படம் மறுக்கப்படலாம்.

விற்பவர் கணினியில் மாட்டிக் காட்டச் சம்மதித்தால், மானிட்டரையும் அதனுடன் இணைத்து, என்விடியா கண்ட்ரோல் பேனலில் எச்டிசிபி நிலையைக் காட்டும் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஏஎம்டி மென்பொருளில் இது டிஸ்பிளே பகுதியில் இருக்கும். ஆனால் இந்தப் பக்கம் 'உண்டு' என்று சொல்வது 1.4 பதிப்பாகவும் இருக்கலாம். ஆகையால் உங்கள் சொந்தச் சந்தாவில் நுழைந்து ஒரு 4கே படத்தை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.